எந்த அறையில் யார் தூங்குவார்கள்

கோபே நகரிலிருந்து அவாஜி தீவுக்குப் போகும் பேருந்து, மலைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த கணமே கடலுக்கு மேலே போய்விடுகிறது. அகாஷி நீரிணையைத் தாண்டும் அந்தத் தொங்குபாலத்தின் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 1,991 மீட்டர். வரைபடத்தில் 1,990 என்றுதான் இருந்தது. 1995 ஜனவரி 17 அன்று, கோபுரங்கள் எழும்பி வடங்களும் கட்டி முடிந்திருந்த நிலையில், பூமி அவற்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் விலக்கி வைத்துவிட்டது. பொறியாளர்கள் கணக்கைத் திருத்தி, மேல்தளத்தை அதற்கேற்ப நீட்டி, 1998ல் பாலத்தைத் திறந்தார்கள். கீழே சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. வெயிலில் கடல் கண்ணைக் கூச வைத்தது. இவ்வளவு பெரிய இரும்பை நகர்த்திய விசை, ஓட்டு வீட்டில் படுத்திருந்த மனிதர்களை என்ன செய்திருக்கும் என்ற நினைப்பு பாலம் முடியும்வரை என்னை விடவில்லை.

கூட வந்தவர் திருநெல்வேலிக்காரத் தம்பி. கோபேயில் கட்டடப் பொறியியலில் ஆராய்ச்சி செய்கிறார். ஜப்பானிய மொழி அவருக்கு நன்றாக வருகிறது. ஒரு பேரிடர் வரும் முன்பே தெருக்காரர்கள் கூடி ஆயத்தம் செய்துகொள்ளும் ஊர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, “முதல்ல அவாஜிக்குப் போவோம் அக்கா. அங்கேருந்து ஆரம்பிச்சாதான் மத்தது புரியும்” என்றார்.

அவாஜி வெங்காயத்துக்கும் கூரை ஓட்டுக்கும் பேர்போன தீவு. சாலையின் இருபுறமும் வெங்காய வயல்கள். வீடுகளின் மேல் சாம்பல் நிறத்தில், வெள்ளிபோல் மினுக்கும் கனத்த ஓடுகள். புயல் காற்றுக்குப் பறக்காத ஓடு. அதே கனம்தான் 1995ல் பழைய மரத்தூண்களை ஒடித்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மேல் விழுந்தது. அன்று நிலநடுக்கம் வந்தது காலை 5 மணி 46 நிமிடத்துக்கு. ஜப்பானிய அளவையில் 7.3. இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் வீடு இடிந்து, மூச்சுத் திணறியோ நசுங்கியோ போனவர்கள்.

பூமி பிளந்த நோஜிமா பிளவை, 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூரையின் கீழ் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே நடைபாதையிலிருந்து குனிந்து பார்த்தால் மண் ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. நேராகப் போயிருக்க வேண்டிய வேலிச்செடி நடுவில் வெட்டுப்பட்டு, மிச்சப் பாதி தள்ளி நிற்கிறது. சிமெண்டு வாய்க்கால் முறிந்து விலகியிருக்கிறது. தார்ச்சாலை கிழிந்திருக்கிறது. பக்கத்தில், பிளவு தோட்டத்தின் வழியே ஓடியும் இடியாமல் நின்ற ஒரு வீடு. அதன் சமையலறையை அன்றைய காலையில் இருந்ததுபோலவே கலைத்து வைத்திருக்கிறார்கள். தட்டு, கோப்பை, அலமாரி எல்லாம் தரையில். அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் வேகமாக நடந்துவிடுகிறவள் நான். அந்தச் சமையலறை வாசலில் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் தம்பி என்னை அழைத்து வந்தது பிளவைக் காட்டுவதற்காக இல்லை. அன்றைய அனுபவத்தைப் பார்வையாளர்களுக்குச் சொல்வதையே தொண்டாகச் செய்யும் ஒரு பெரியவரிடம் உட்கார வைத்தார். இந்தப் பகுதி அப்போது ஹொகுதான் என்ற தனி ஊராட்சி. 2005ல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து அவாஜி நகரமாகிவிட்டது. ஊரே பிளவின் மேல் உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம். 39 பேர் இறந்தார்கள். ஆனால் இடிபாட்டுக்குள் சிக்கிய 300 பேர் அளவில் உயிரோடு வெளியே எடுக்கப்பட்டார்கள். எடுத்தவர்கள் ராணுவத்தாரோ நகரத்துத் தீயணைப்பு வீரர்களோ இல்லை. உள்ளூர்க்காரர்கள். வெங்காயம் விளைவிப்பவர், மீன் பிடிப்பவர், கடை வைத்திருப்பவர் என்று அவரவர் தொழிலோடு பகுதிநேரமாகத் தீயணைப்புப் படையிலும் இருப்பவர்கள் ஜப்பானின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களும் அவர்களது தெருக்காரர்களும்தான்.

“எப்படி இவ்வளவு சீக்கிரம் தோண்டினீங்கன்னு கேளுங்க” என்றேன்.

பெரியவர் கையால் தரையில் ஒரு கட்டம் வரைந்தார். உள்ளே சின்னக் கட்டங்கள். ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

“இது அந்தப் பாட்டி தூங்குற அறைங்கிறார் அக்கா. குளிர்காலத்துல இந்தப் பக்கம் மாத்திப் படுப்பாங்களாம். அது ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம். வீடு முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை, நேரா அந்த இடத்தைத் தோண்டினோம்ங்கிறார்.”

அன்று மாலைக்குள் ஹொகுதானில் ஒவ்வொருவர் கதியும் தெரிந்துவிட்டது. இன்னாரைக் காணோம் என்று ஒரு பெயரும் மிச்சமில்லை. அதே பொழுதில் கடலுக்கு அக்கரையில், பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த கோபேயில், எத்தனை பேர் மண்ணுக்கடியில் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிளவைக் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த நினைவிடப் பூங்காவின் புல்வெளியில் ஒரு ஒற்றைச் சுவர் நிற்கிறது. கருகிய கான்கிரீட். கோபேயின் நகாதா பகுதியில் ஒரு சந்தைக்குத் தீத்தடுப்பாக 1927 வாக்கில் எழுப்பிய சுவர். 1945ல் அமெரிக்க விமானங்கள் கோபேயை எரித்தபோது அது நின்றது. 1995ல் சுற்றியிருந்த கடைகளெல்லாம் சாம்பலானபோதும் நின்றது. பிறகு அதைப் பெயர்த்து இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுவர் முன்பு நின்ற இடத்துக்குத்தான் மறுநாள் போனோம்.

நகாதா இன்று பார்ப்பதற்குச் சாதாரண இடம். அகலமான தெருக்கள், உயர்ந்த அடுக்குமாடிகள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2009ல் நிறுத்திய ஒரு பிரம்மாண்டமான இரும்பு ரோபோ, அதன் காலடியில் விளையாடும் பிள்ளைகள். அன்று இங்கே குறுகிய சந்துகள், ஒட்டி ஒட்டிக் கட்டிய மரவீடுகள், செயற்கைத் தோல் காலணி தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள். ரப்பரும் பசையும் நிறைந்த பட்டறைகள். தீ பிடித்ததும் நிற்கவில்லை. பூமிக்கடியில் குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் தெருக்குழாய்களில் தீயணைப்பு வண்டிகளுக்குத் தண்ணீர் வரவில்லை. துறைமுகத்திலிருந்து கடல்நீரைக் குழாய் மேல் குழாய் இணைத்து இழுத்தார்கள். பல இடங்களில் மின்சாரம் திரும்பி வந்ததும், கவிழ்ந்து கிடந்த மின்கணப்புகளும் அறுந்த கம்பிகளும் புதிதாகத் தீ மூட்டின. வீட்டை விட்டு வெளியேறும்போது மின்சாரத்தின் மூல விசையை இறக்கிவிட்டுப் போ என்பது இன்று ஜப்பானில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்த விதி இந்தச் சந்துகளில் எழுதப்பட்டது.

கவாதா யோஷியாகி என்ற பேரிடர் ஆய்வாளர் பிற்பாடு ஒரு மதிப்பீடு செய்தார். இடிபாடுகளில் சிக்கி, தானாக வெளியே வர முடியாமல் கிடந்தவர்கள் ஏறக்குறைய 35,000 பேர். அவர்களில் 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். தீயணைப்புத் துறை, காவல்துறை, ராணுவம் மூன்றும் சேர்ந்து எடுத்தது சுமார் 8,000 பேரை. அரசுப் படைகளைக் குறை சொல்லும் கணக்கு இல்லை இது. சாலை உடைந்து, தொலைபேசி செத்து, ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் கூக்குரல் எழும்போது எந்தப் படையும் அந்த முதல் மணி நேரத்தில் எல்லாத் தெருவுக்கும் வந்துசேர முடியாது. முதல் மணி நேரத்தில் அங்கே இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் கையில் கடப்பாரை இருக்கிறதா, எங்கே தோண்டுவது என்று தெரியுமா? உயிர் அங்கேதான் தொங்குகிறது.

அதே நகாதாவுக்குள் மானோ என்றொரு பேட்டை உண்டு. அங்கும் அன்று தீப்பிடித்தது. ஆனால் பரவ விடாமல் அணைத்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் மிட்சுபோஷி பெல்டிங் என்ற தொழிற்சாலை இருந்தது. அதன் சொந்தத் தீயணைப்புக் குழுவினர் வெளியே வந்து குழாய் பிடிக்க, தெருக்காரர்கள் வரிசையில் நின்று வாளி கடத்தினார்கள். இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. மானோ மக்கள் 1960களிலேயே ஆலைப் புகைக்கும் கழிவுக்கும் எதிராகச் சேர்ந்து போராடியவர்கள். அதன்பின் மரம் நட்டார்கள், தனியாக வாழும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், 1980களில் தங்கள் பேட்டை எப்படி இருக்க வேண்டும் என்று மாநகராட்சியோடு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். முப்பது வருஷம் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் ஏறி இறங்கியவர்கள். ஆலைக்காரர்களோடு சண்டையும் போட்டு, பேச்சும் நடத்தியவர்கள். நிலநடுக்கத்துக்கென்று அவர்கள் செய்த ஆயத்தம் அதிகமில்லை. ஆனால் அவர்களைவிட ஆயத்தமாக இருந்த பேட்டை அன்று கோபேயில் குறைவு.

இந்தப் பாடத்தை மாநகராட்சி சட்டென்று பிடித்துக்கொண்டது. 1995லேயே ‘பேரிடர்த் தடுப்பு, நலவாழ்வுச் சமூகம்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. சுருக்கமாக போக்கோமி. ஒரு தொடக்கப்பள்ளி வட்டாரத்துக்கு ஒன்று என இன்று நகரம் முழுதும் 190க்கு மேல் இருக்கின்றன. பெயரில் நலவாழ்வையும் சேர்த்ததுதான் எனக்குப் பிடித்தது. என்றோ வரப்போகும் பேரிடருக்காக மட்டும் ஆட்களைக் கூட்டினால் இரண்டாம் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பாட்டிகளுக்கு மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டு, கோடைத் திருவிழா என்று வருஷம் முழுதும் சேர்ந்திருக்கிறவர்கள், அந்தச் சேர்க்கையோடு கடப்பாரையும் பிடிக்கப் பழகுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளி மைதானத்தில் அந்தப் பழக்கத்தைப் பார்த்தேன். திருவிழா என்றே நினைத்தேன், அத்தனை பிள்ளைகள். கோபேயில் 2005ல் பிறந்த ஒரு யோசனை இது. பிள்ளைகள் விளையாடி முடித்த பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து வேறு பொம்மைக்கு மாற்றிக்கொள்ளலாம். நல்ல பொம்மை வேண்டுமென்றால் கூடுதல் புள்ளி வேண்டும். புள்ளி சேர்க்க வேண்டுமென்றால் மைதானத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பயிற்சியிலும் கலந்துகொள்ள வேண்டும். பொம்மைக்காகப் பிள்ளை வருகிறது, பிள்ளைக்காகப் பெற்றோர் வருகிறார்கள். பிரசங்கத்தால் ஒருபோதும் வராத இளம் குடும்பங்கள் அங்கே வரிசையில் நின்றன.

ஒரு மூலையில் தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு உருளையால் தவளைப் பொம்மைகளைக் குறிபார்த்து வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஊசியை இழுத்து, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்து. ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்று அதைச் சரியாகச் செய்துவிட்டு அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்னொரு மூலையில் கனத்த உத்திரம் ஒன்றின் கீழ் ஆள் உயரப் பொம்மை கிடந்தது. காரில் எப்போதும் இருக்கும் ஜாக்கியைக் கொடுத்து, அதை எடு என்கிறார்கள். 1995ல் பல உயிர்களைக் காப்பாற்றிய கருவி அதுதான். கிரேனுக்குக் காத்திருக்கவில்லை. வாசலில் நின்ற காரிலிருந்து எடுத்தார்கள். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் பலகை போட வேண்டும். சிறிது தூக்கியதும் மரக்கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். மறுபடி தூக்கி, மறுபடி முட்டு. அவசரப்பட்டு முட்டில்லாமல் தூக்கினால் உத்திரம் நழுவி விழும். தம்பி கட்டடப் பொறியியல்காரர். அவர் போட்ட முட்டை ஒரு எழுபது வயதுக்காரர் காலால் தட்டிப் பார்த்து, நகர்த்தி வைக்கச் சொன்னார்.

போர்வையால் தூக்குப்படுக்கை செய்வதை நானே கற்றுக்கொண்டேன். போர்வையை விரித்து, மூன்றில் ஒரு பங்கில் ஒரு கழியை வைத்து மடிக்க வேண்டும். மடித்ததன் மேல் அடுத்த கழியை வைத்து, மீதிப் போர்வையை அதன்மேல் திருப்பிப் போட வேண்டும். முடிச்சு கிடையாது. படுக்கிறவரின் எடையே மடிப்பை இறுக்கிக்கொள்கிறது. என்னைப் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த பையன் ஒருவன் தலைப்பக்கம் பிடித்திருந்தான். “காலை முன்னால் விட்டுப் போங்கள், அவர் முகத்தைத் தலைப்பக்கத்து ஆள் பார்த்துக்கொண்டே வர வேண்டும்” என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.

கடைசியில் வாளி வரிசை. இரண்டு வரிசை. நிறைந்த வாளி ஒன்றில் போகிறது, காலி வாளி மற்றதில் திரும்புகிறது. இங்கே என் மனம் கொஞ்சம் கனத்தது. காரணம், ஜப்பானின் வரலாற்றில் வாளி வரிசைக்கு வேறு முகமும் உண்டு. 1940ல் அரசு ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு வீட்டையும் ஓர் அண்டை அயல் குழுவாகக் கட்டாயமாகச் சேர்த்தது. ரேஷன் அதன் வழியாகத்தான். ஒருவரை ஒருவர் கண்காணிப்பதும் அதன் வழியாகத்தான். குண்டு விழும்போது ஓடக்கூடாது, நின்று அணைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1945ல் பெட்ரோல் குண்டுகளுக்கு முன் வாளிகளோடு நின்றவர்கள் எரிந்துபோனார்கள். அதற்கும் முன், 1923 செப்டம்பர் 1ல் தோக்கியோ எரிந்தபோது, கந்தா பகுதியின் இரண்டு பேட்டைக்காரர்கள் ஒரு பகலும் இரவுமாக, மறுநாளும் விடாமல், வாளி கடத்தி 1,600 வீடுகளைக் காப்பாற்றினார்கள். அதே நகரத்தில், அதே நாட்களில், கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற புரளியை நம்பி, தெருக்காவல் குழுக்கள் கழியும் ஈட்டியும் ஏந்திக் கொரியர்களைத் தேடித் தேடிக் கொன்றன. உச்சரிப்பைச் சோதித்துக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கில் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு.

அண்டை அயலார் ஒன்றுசேர்வதைப் பற்றி எழுதுகிற எவரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். தெரு ஒன்றுசேர்ந்தால் யாருக்கு எதிராகச் சேர்கிறது, யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சேர்கிறது என்று கேட்டாக வேண்டும். நம்மூரில் அதைக் கேட்காமல் இருக்கவே முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் நிவாரணம் தலித் குடும்பங்களைத் தாண்டிப் போனதை அப்போதே பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

நகாதா இந்தக் கேள்வியை நேரில் சந்தித்த இடம். காலணிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களில் கொரிய வம்சாவளியினர் நிறைய. படகில் தப்பி வந்த வியட்நாம் அகதிகளும் பட்டறை வேலைக்காக இங்கே குடியேறியிருந்தார்கள். 1995ல் தீ எல்லாருடைய வீட்டையும் எரித்தது. 1923ஐ மறக்காத கொரியர்கள், புரளிக்கு முன்னால் சரியான செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நிலநடுக்கம் முடிந்த சில நாட்களிலேயே ஒரு சிறிய வானொலியைத் தொடங்கினார்கள். தகாதோரி தேவாலயத்தில் வியட்நாமியருக்காக இன்னொரு வானொலி வந்தது. இரண்டும் சேர்ந்து 1996ல் பலமொழி வானொலியாகின. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், எந்தப் பள்ளியில் இடமிருக்கிறது என்று அவரவர் மொழியில் கேட்க முடிந்தது. எரிந்துபோன தேவாலயத்தின் இடத்தில் ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் காகிதக் குழாய்களால் ஒரு கூடம் கட்டினார். தொண்டர்களே எழுப்பிய கூடம். ஏறக்குறைய பத்தாண்டு அது தெருவின் சந்திப்பிடமாக இருந்தது. பிறகு பிரித்து எடுத்து, 1999ல் நிலநடுக்கம் கண்ட ஒரு தைவான் கிராமத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2008லிருந்து அங்கே நிற்கிறது.

கோபே எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடு ஒதுக்கியபோது குலுக்கல் முறை வைத்தார்கள். முதியவர்களுக்கும் உடல் குறை உள்ளவர்களுக்கும் முன்னுரிமை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், நாற்பது வருஷம் ஒரே சந்தில் வாழ்ந்த பாட்டிகள் நகரத்துக்கு வெளியே, முகம் தெரியாதவர்கள் நடுவே, ஆளுக்கொரு திசையில் போய் விழுந்தார்கள். தற்காலிக வீடுகளில் தனியே இறந்து கிடந்து, பின்னால் கண்டெடுக்கப்பட்டவர்கள் 233 பேர். நிலநடுக்கத்தில் பிழைத்து, தனிமையில் போனவர்கள். 2004ல் நீகாதா மலைப்பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, யாமாகோஷி கிராமத்து மக்கள் சுமார் 2,000 பேரையும் ஹெலிகாப்டரில் இறக்கி, தற்காலிக வீடுகளில் குக்கிராமம் குக்கிராமமாகப் பழைய அண்டை வீட்டாரையே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கோபேயில் இறந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது அது.

2005 ஜனவரியில், நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அவையின் பேரிடர்க் குறைப்பு மாநாடு கோபேயில் கூடியது. முன்பே குறித்த தேதி. அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்பு, டிசம்பர் 26 அன்று, சுனாமி நம் கரையை விழுங்கியிருந்தது. 168 நாடுகள் கூடி ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றபோது, நாகையிலும் மட்டக்களப்பிலும் சடலங்களை அடையாளம் காணும் வேலை முடிந்திருக்கவில்லை. மக்களின் கையிலேயே தயார்நிலையைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணங்களில் ஒன்று. நகாதாவின் சந்துகளில் கற்றது அப்படித்தான் நம் கடற்கரை ஊர்களின் பயிற்சிக் கூட்டங்கள்வரை வந்தது.

மைதானத்தில் பிள்ளைகள் பொம்மை மாற்றிக்கொண்டிருக்க, பெரியவர்கள் பள்ளியின் ஓர் அறையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். இந்தச் சீட்டுகளும் கோபேயிலிருந்து வந்தவையே. நிலநடுக்கத்தின்போது இரவு பகல் தூங்காமல் வேலை செய்த மாநகராட்சி ஊழியர்களை ஆய்வாளர்கள் நெடுநேரம் பேட்டி கண்டு, அவர்கள் உண்மையில் சந்தித்த தர்மசங்கடங்களை ஒவ்வொரு சீட்டிலும் எழுதினார்கள். ஒன்றைப் படித்தார்கள்: தங்குமிடத்தில் 3,000 பேர். கையில் 2,000 பேருக்கான உணவு. இப்போதே பரிமாறுவாயா, மாட்டாயா? எல்லாரும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒன்றாகத் திருப்ப வேண்டும். பெரும்பான்மையோடு இருப்பவர்களுக்கு ஒரு புள்ளி. எல்லாருக்கும் எதிராக ஒரே ஒருவர் மட்டும் வேறு சொன்னால், அவருக்கு மட்டும் பொன்னிற மெத்தைச் சீட்டு. கூட்டத்தில் ஒற்றைக் குரலாய் நிற்கிறவருக்கு மரியாதை. இப்படி ஒரு விதியை விளையாட்டில் வைத்தவர்களை மனதாரப் பாராட்டினேன்.

அந்தக் கேள்விக்கு அறை இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர், முதியவருக்கும் குழந்தைக்கும் முதலில் கொடு என்றார்கள். ஒருவர், எல்லாருக்கும் வரும்வரை கொடுக்காதே, கலவரமாகும் என்றார். ஓர் அம்மா, ஆளுக்குப் பாதி என்றார். பாதியாக வெட்ட யார் உட்காருவார்கள் என்று கேட்டார் எதிரில் இருந்தவர். நான் உட்காருவேன் என்றார் அந்த அம்மா. சரியான விடை அட்டையின் பின்னால் இல்லை. விவாதம்தான் பயிற்சி. அன்றைக்கு முகம் சிவக்கப் பேசி முடித்துவிட்டால், நிஜமான இரவில் யார் என்ன சொல்வார் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கும்.

தம்பிக்கும் அங்கே ஒரு வேலை நடந்தது. 2013ல் சட்டம் திருத்தப்பட்டு, தானாக வெளியேற முடியாதவர்களின் பட்டியலை ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. தெருக்குழுவுக்கு அதை முன்கூட்டியே கொடுக்க, பொதுவாகச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். என் படுக்கையறை எங்கே என்று ஊருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று மறுப்பவர்கள் பலர். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. 1940ன் கண்காணிப்பை அனுபவித்த நாடு இது. அதனால் குழுவினர் பட்டியலைவிடக் கதவைத் தட்டுவதையே நம்புகிறார்கள். பேசிப் பழகி, அவராகச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். தம்பி இதே வட்டாரத்தில் வாடகைக்கு இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு அம்மா சின்ன நோட்டை எடுத்தார். கட்டடம், மாடி, இரவில் எத்தனை மணிக்கு வருவாய், ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்.

“அம்மா போன் நம்பரும் குடுக்கட்டுமா அக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“குடுங்க தம்பி. அம்மாவுக்கு இவங்க பேரையும் எழுதி அனுப்புங்க.”

1995ல் மலிவான பழைய மரவீட்டு அறைகளில் தங்கியிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் பலர் இறந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள். அவர்கள் எந்த அறையில் தூங்கினார்கள் என்பது தெருவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

போக்கோமி அமைப்பின் பெரிய கவலை வயது. நோட்டு வைத்திருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். காப்பாற்ற வேண்டியவர்களும் காப்பாற்றப் போகிறவர்களும் ஒரே வயதுக்காரர்கள் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். புதிய அடுக்குமாடிகளில் குடிவருபவர்கள் கதவைத் திறப்பதில்லை. தெற்கே நன்காய் கடற்பள்ளத்தில் இன்னொரு பெரும் நிலநடுக்கம் வரும் என்று அரசின் ஆய்வுக்குழு வருஷாவருஷம் எச்சரிக்கிறது.

பயிற்சி முடிந்து, வெளியே பெரிய அண்டாவில் காய்ச்சிய மிசோ சூப்பை எல்லாரும் குடித்தபின், பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளி மூலையில் இருந்த கருவிக் கொட்டகையின் முன் கூடினார்கள். கடப்பாரை, ரம்பம், ஜாக்கி, தூக்குப்படுக்கை, கையால் தள்ளிப் போகும் சிறிய தண்ணீர்ப் பம்பு எல்லாம் அதற்குள். சாவி மூன்று பேரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. மூவரில் ஒருவர் அந்தக் குளிர்காலத்தில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது சாவி யாரிடம்? ஒருவர் பள்ளித் தலைமையாசிரியரைச் சொன்னார். அவர் வேறு வட்டாரத்திலிருந்து வருகிறவர், விடியற்காலையில் இருக்கமாட்டார் என்று மறுத்தார்கள். இன்னொருவர் தன் மகனைச் சொன்னார். மகன் இரவு வேலைக்குப் போகிறவன். கொஞ்ச நேரம் பேச்சு நின்றது.

தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வியட்நாம்காரர், அண்டா கழுவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கடையில இருப்பேன், அதுக்கப்புறம் கடைக்கு மேலேயே தூங்குறேன்னு சொல்றார்” என்று தம்பி என் காதருகே சொன்னார்.

குழுத் தலைவர் நோட்டைத் திறந்து பழைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். புதிய பெயரைச் சரியாக எழுதித் தரும்படி பேனாவை அவரிடமே நீட்டினார். சாவி கை மாறியது. அடுத்த விஷயம், மார்ச் மாதம் காலாவதியாகப் போகும் உலர்சோற்றுப் பொட்டலங்கள். வீணாக்காமல் அதற்கு முன்பே சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, புதிதாக வாங்கி அடுக்குவது என்று முடிவாயிற்று. பம்பை இலையுதிர் காலத்திலிருந்து ஓட்டிப் பார்க்கவில்லை என்று யாரோ நினைவூட்டினார்கள். புதிய சாவிக்காரரே கொட்டகையைத் திறந்து அதை வெளியே தள்ளிவந்தார். கயிற்றை இழுத்தார். இருமிவிட்டு அடங்கியது. எழுபது வயதுக்காரர் ஒருவர் குனிந்து காற்றுத் திறப்பைச் சரிசெய்துவிட்டு, இப்போது இழு என்று கை காட்டினார். பம்பு பெருஞ்சத்தத்தோடு ஓடத் தொடங்கியது.